கோமதியின் பாதிப் பாட்டு

அவள் இரண்டு வரி பாடி நிறுத்துகிறாள். அடுத்த இரண்டு வரி என்னுடையவை.

நான் பாடவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து.

போன வண்டித் தடத்துல புல்லு மொளச்சாச்சு
வாரேன்னு சொன்ன சொல்லு எங்க தொலச்சாச்சு

மறுபடியும் நிறுத்துகிறாள்.

போனில் இருக்கும் பாட்டு ஆப். ஒருவர் தன் பாதியைப் பாடி வைத்தால், மீதியை யாரும் எங்கிருந்தும் பாடிச் சேர்க்கலாம். அறுபது நாள் அந்த இடம் திறந்திருக்கும்.

கோமதி என் மனைவி. இதைப் பாடிய மூன்றாம் வாரம் காய்ச்சல். நான்காம் நாள் போய்விட்டாள்.

இன்று மாலை ஆறு மணிக்கு அந்த இடம் மூடிவிடும். இப்போது ஐந்து பத்து.

அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்காய்ப் படம். முகம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஆபீசில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்றேன். தெம்மாங்கு பாடுகிற மனைவி.

எனக்குப் பாட வராது என்றும் சொன்னேன்.

"வராட்டா என்ன, நான் இழுத்துக்கிட்டுப் போயிருவேன்," என்றாள்.

அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

அவள் பாட்டு எதுவானாலும் இருபது பேராவது சேர்ந்து பாடியிருப்பார்கள். இதற்கு ஒருவர்கூட இல்லை. கீழே அவள் எழுதி வைத்திருக்கிறாள்: மொத ஆளு எங்க வீட்டுக்காரர். அண்ணாச்சிமாரெல்லாம் கொஞ்சம் பொறுங்க.

பொறுத்திருக்கிறார்கள்.

லாரி ஓட்டும் சுடலைமுத்து வாரம் தவறாமல் வந்து கேட்டிருக்கிறார்: மச்சான் பாடியாச்சா? மஸ்கட்டிலிருந்து ஒருவர்: மாப்பிள்ளைக்கு மணவறைக் கூச்சமே இன்னும் போகலையோ.

அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். எனக்காக விட்ட இடைவெளியில் அவள் மூச்சு கேட்கிறது. எங்கோ குக்கர் சத்தம். பிறகு மெல்ல ஒரு 'ம்'.

நான் எடுக்கவேண்டிய இடம் அது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பாடினேன்.

வந்துட்டேன் புள்ள, வந்துட்டேன் என்று தொடங்கும் வரி. இரண்டாம் சொல்லிலேயே குரல் உடைந்தது. அவள் எதுவும் நடக்காததுபோல் தன் அடுத்த வரியை எடுத்தாள். பின்னாலேயே போனேன். கடைசிவரை நிற்கவில்லை.

அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் சுடலைமுத்து வந்தார்.

"ஒரு வழியா பாடிட்டீகளே மச்சான். சுதிதான் கொஞ்சமும் சேரல. கவலப்படாதீக, அடுத்த பாட்டுல தங்கச்சி சரி பண்ணிரும். எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க."

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி ஆறைத் தாண்டியது.

கேட்டுச் சொல்றேன் அண்ணாச்சி, என்று எழுதினேன்.