மழை வந்தால் உறுமும் ரியாக்டர்

சகாதேவன் சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே வந்து ரியாக்டரையே பார்த்தபடி நின்றார். இன்றைக்கும் அது வாயைத் திறந்தால், மகள் கவியாவின் கல்யாணப் பேச்சு அவ்வளவுதான்.

திருவண்ணாமலைக்கு வெளியே துணை மின்நிலையத்தில் அவர் ஆபரேட்டர். மதிலை ஒட்டியே குவார்ட்டர்ஸ்.

உலகத்து மெஷினெல்லாம் சுமை ஏறினால் முனகும். இந்த இரும்பு யானைக்கோ ஊரில் சுமை குறைந்தால்தான் வேலை. மழை பெய்தால் சுற்றுப்பட்டுக் கிணற்று மோட்டார்கள் நின்றுவிடும், கரண்டை இழுக்க ஆளில்லாமல் வோல்டேஜ் ஏறும். அதை அமுக்கத்தான் ரியாக்டர். அது போடும் உறுமலில் குவார்ட்டர்ஸ் தோசைக்கல்லில் மாவு தானாகவே வட்டமாகப் பரவும்.

மழைக்காலம் முழுக்க சகாதேவன் காது மரத்துப்போய்க் கிடப்பார். மனைவி ரேணுகாம்பாள் வாயசைத்தால் தலையாட்டுவார். தீபத்தன்று வீட்டுக்கு வந்த கூட்டத்தில் யாரோ பழத்தட்டை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு, மனைவி எடுத்துக் கொடுத்த தட்டைப் பதிலுக்கு நீட்டிவிட்டுப் படுத்துவிட்டார். யாரென்று கேட்டாலும் பதில் காதில் விழப்போவதில்லை.

மனதில் இருந்தது ஒன்றுதான். கவியாவை அக்கா மகன் அன்பரசனுக்குக் கொடுக்க வேண்டும். நாளைக்கு அக்கா வருகிறாள்.

"அடியில ரப்பர் வச்சு, போல்ட்டெல்லாம் முறுக்கியாச்சுண்ணே," என்றார் ஃபிட்டர் சாந்த் பாஷா. சோவென்று மழை. ரியாக்டர் பூனைக்குட்டி மாதிரி குர்ரென்றது, அதற்குமேல் இல்லை. "இனிமே அண்ணி திட்டுறது ஒரு எழுத்து விடாம கேக்கும். உங்கள நெனச்சாதான் பாவமா இருக்கு."

"திட்டட்டும் பாஷா. பொண்ணு கல்யாணத்தப் பத்திப் பேசணும்."

"அதுல மட்டும் உங்க பேச்சு எடுபடுமாக்கும்."

வீட்டில் ரேணுகாம்பாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சகாதேவனுக்குத் தன் குரலே யாருடையதோ போலிருந்தது.

"கவியாவ அன்பரசனுக்கே குடுத்துடலாம்னு இருக்கேன். நாளைக்கு அக்கா வந்தா வாக்கு குடுத்துடப் போறேன். நீ என்ன சொல்ற?"

ரேணுகாம்பாளின் கை நின்றது. சமையலறையிலிருந்து கவியா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க பேசுறீங்க? தீபத்தன்னைக்கு அவளுக்கு நிச்சயம் பண்ணதே நீங்கதானே."