சுற்றுவழியில் வந்த முன்சீட்டு

அம்மாவை உட்கார வைத்துவிட்டுத்தான் அவன் தன் சீட்டுக்கு வந்தான்.

அம்மா முன்னால், பிசினஸ் கிளாஸில். அவன் கடைசியில், கழிப்பறைக்குப் பக்கத்தில்.

பறந்த தூரத்துக்கு விமானக் கம்பெனி தரும் இலவச மைல், சேர்த்து வைத்தது ஒரு டிக்கெட்டுக்குத்தான் வந்தது.

லேசில் சேர்ந்த மைல் இல்லை அது. லண்டனில் வேலை. ஊருக்கு வர நேர் விமானம் இருக்கிறது, அவன் அதில் ஏறியதே இல்லை. இஸ்தான்புல்லில் இறங்கி, மஸ்கட்டில் காத்துக் கிடந்து, கொழும்பையும் தொட்டுவிட்டுத்தான் சென்னைக்கு வருவான். டிக்கெட் மலிவு, மைல் கூடுதல். விமான நிலைய நாற்காலிகளில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கியே பாதி லீவு போய்விடும்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற ஆள் என்று ஆபீஸில் கேலி.

சிரிக்கட்டும்.

அவன் ஹாஸ்டலில் படித்தபோது, ஞாயிறு தவறாமல் கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தூக்குவாளியோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் அம்மா. இவளை ஒரு நாள் முன்சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தது.

வைத்துவிட்டான்.

பட்டனை அமுக்கிச் சீட்டை நீட்டிக் காட்டியபோது, "கட்டிலு மாதிரில்லா இருக்கு" என்றாள். அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பெல்ட்டைப் போட்டதும் பக்கத்து இளைஞரிடம் கேட்காமலே சொன்னான். "முன்னாடி பிசினஸ் கிளாஸ்ல எங்கம்மா இருக்காங்க."

ஆட்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரோ மேலே பெட்டியைத் திணிக்க, வரிசை வழியிலேயே நின்றது.

மறுபடி நகர்ந்தபோது அந்த வரிசையில் அம்மா வந்துகொண்டிருந்தாள்.

கையில் வேறு யாருடைய போர்டிங் பாஸோ இருந்தது. பின்னால் பணிப்பெண், அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாத சிரிப்போடு வந்தாள்.

"கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பக்கத்துல வந்து நிக்காய்யா. பாத்துக்கிட்டு எப்படி உக்காந்திருக்க? எந்திரிச்சு குடுத்துட்டேன்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கும் சீட்டு இருக்கிறது, வரிசை நகரட்டும் என்றுதான் நின்றாள், இது என்ன டவுன் பஸ்ஸா என்று கேட்க வாயெடுத்தான். எத்தனை வருஷம் சுற்றிய சுற்று.

"உன்னைய இடுப்புல வச்சுக்கிட்டுப் போகையில எனக்கு எந்திரிக்காத ஆளு கிடையாது" என்றாள் அம்மா.



பக்கத்து இளைஞர் அதற்குள் எழுந்துவிட்டார். "நீங்க இங்க உக்காருங்கம்மா. அந்த சீட்டுக்கு நான் போய்க்கிறேன்."

போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டவர், அவன் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"பிசினஸ் கிளாஸ்ல இருக்காங்கன்னு சொன்னீங்களே, அந்த அம்மாவா?"

"அதே அம்மாதான்" என்றான்.

நாலு வரிசை திரும்பிப் பார்த்தது.