மூன்றாவது கியர்

"லேடீஸ் வண்டி சார். கிளட்ச் அப்பளமாக் கீது. கதவத் தொறக்காமலே சொல்றேன்" என்றான் தரகன் தட்சிணாமூர்த்தி, வண்டிக்குச் சொந்தக்காரியை எதிரில் வைத்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூர் எஸ்டேட்டின் கம்பெனிகள் கதவடைத்துக் கிடந்தன. அகன்ற சாலை ஆளரவமின்றி நீண்டிருந்தது.

வாங்க வந்த ஹேமநாதன் ஊருக்குப் புதியவன். ஐ.டி. வேலை, திருமுல்லைவாயிலில் ஒரு ஃபிளாட், இனிமேல்தான் முதல் கார். வண்டியைப் பற்றி அறியாதவன் ஆகையால், அறிந்தவன் என்று பெயரெடுத்த தரகனை உடன் அழைத்து வந்திருந்தான்.

புதிதாக வாங்கிய நாள் முதல் கிளட்ச் மாற்றியதே இல்லை என்று சொந்தக்காரி தாட்சாயிணி சொல்லியிருந்தாள். அதைத்தான் தரகன் சிரித்தே தள்ளிவிட்டான்.

பெண் ஓட்டிய வண்டியா, கிளட்ச் தேய்ந்திருக்கும்: பழைய கார் விற்கும் சந்தையில் இது ஒரு வேதம். எழுதியவன் எவன்? சோதித்தவன் எவன்? ஒருவரும் கேட்பதில்லை. கேளாமலே தலையாட்டுவார்கள், தலையாட்டியபடியே விலையைக் குறைப்பார்கள்.

இன்று குறைந்தால் அவளுக்கு வழியில்லை. பேசிய விலை முழுதாகக் கைக்கு வந்தால்தான், பூந்தமல்லியில் மாலை வரை அவளுக்காக நிறுத்தி வைத்திருக்கும் வண்டி அவளுடையது. வராவிட்டால் அது வேறொருவருடையது.

"தொறந்துதான் பாரேன், அண்ணாத்தே. நொறுங்குற சத்தம் எங்களுக்கும் கேக்கட்டும்" என்று சாவியை நீட்டினாள்.

தட்சிணாமூர்த்தி ஏறி அமர்ந்தான். ஹேண்ட் பிரேக்கை இறுக்கினான். இஞ்சினை எழுப்பினான். முதல் கியரைத் தொடவில்லை, இரண்டாவதைத் தொடவில்லை. நேரே மூன்றாவதைப் போட்டான்.

இரக்கம் அறியாத சோதனை அது. தாட்சாயிணிக்குத் தெரியும்.

அவள் தலை நிமிர்ந்தே இருந்தது. ஆனால் அந்தக் கிளட்ச் பட்ட பாடு, அங்கு நின்றவர்களில் அவள் ஒருத்தி மட்டுமே அறிந்தது.

தரகன் கிளட்ச்சிலிருந்து காலை மெல்ல எடுத்தான்.

வண்டி ஒருமுறை குலுங்கியது. இஞ்சின் பொட்டென்று அணைந்தது.

"ஐயையோ, நின்னு போச்சே!" ஹேமநாதன் பதறினான். "வேணாங்க, விட்டுடலாம்."

தட்சிணாமூர்த்தி மீண்டும் இஞ்சினை எழுப்பினான். மீண்டும் காலை எடுத்தான். அதே குலுக்கல். அதே அமைதி.

இறங்கி வந்தபோது அவன் குரலில் பழைய வேகம் இல்லை.

"நிக்கணும் சார். பிரேக்கப் போட்டு வண்டியக் கட்டி வச்சிருக்கேன்ல? தேஞ்ச கிளட்ச்சா இருந்தா வழுக்கிக்கினே கெடக்கும், இஞ்சின் அது பாட்டுக்கு ஓடும். இது கெட்டியாப் புடிக்குது. அதான் இஞ்சின் மூச்ச உட்டுடுச்சு."

ஹேமநாதனின் முகம் மலர்ந்தது. பேசிய விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

தரகன் முதல் முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தான். "ஒரே ஆளு ஓட்டின வண்டி, அதான் இப்டி கீது. சாவிய நீ வேற யாருகிட்டயும் குடுத்திருக்க மாட்ட, இன்னா தங்கச்சி?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். விற்பனை முடிந்துவிடும். பூந்தமல்லி வண்டி வீட்டுக்கு வந்துவிடும்.

ஆனால் அந்த ஒரு சொல், உண்மையில் அந்தக் கிளட்ச்சைக் காத்தவர்கள் அத்தனை பேரையும் இல்லாதவர்கள் ஆக்கிவிடும்.

"எத்தினி பேரு ஓட்டினாங்கன்னு எனக்கே கணக்கில்ல, அண்ணாத்தே" என்றாள் தாட்சாயிணி. "எங்க தெருப் பொம்பளைங்க கார் பழகினதே இதுலதான். ஞாயித்துக்கெழம ஆனா இதே ரோட்டுல. எக்ஸ்போர்ட் கம்பெனி விஜி, மீன் விக்கிற கன்னியம்மா, எல்லாரும்."

ஹேமநாதன் திகைத்துத் தரகனைப் பார்த்தான்.

தரகன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழகுகிறவர் கால்பட்டால் கிளட்ச் எரிந்து தீரும். ஒருவர் பழகவே ஒரு கிளட்ச் போன கதைகள் அவனிடம் ஏராளம். ஒரு தெருவே பழகியும் தேயாத கிளட்ச்சை அவன் கண்டதில்லை.

"கண்ண மூடிக்கினு வாங்கு சார்" என்றான் கடைசியில்.

பிறகு அவள் பக்கம் திரும்பினான். "அது சரி, அடுத்து இன்னா வண்டி எடுக்கப் போற?"

"டிரைவிங் ஸ்கூல் வண்டி. பக்கத்து சீட்லயும் பெடல் வச்சது." தாட்சாயிணி சிரித்தாள். "இத்தினி வருசமா அந்த சீட்ல எனக்கு வாய் மட்டுந்தான் பிரேக்கு."