நான்காம் மாடியின் பெட்டிகள்

"நாலாவது மாடில வைஃபை செத்துக் கிடக்கு. காலைல எதையாவது தொட்டீங்களா அண்ணே?"

தொலைபேசியில் அந்தக் குரலைக் கேட்டதுமே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேடம்! இந்த ஆஸ்பத்திரியின் வைஃபை முழுவதையும் அமைத்தவர். அவர் நீண்ட விடுப்பில் போனதால்தான், வேறு கிளையில் பில் போட்டுக்கொண்டிருந்த இவரைக் கொண்டுவந்து கீழ்த்தள அறையில், அவருடைய நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். போனில் இரண்டொரு முறை பேசியதோடு சரி. ஆளைப் பார்த்ததில்லை.

விடுப்பில் இருப்பவருக்கு நாலாவது மாடியில் என்ன வேலை? சொல்லாமல் கொள்ளாமல் சோதனை போட வந்துவிட்டாரோ?

காலையில் இவர் தொட்டிருந்தார். அதுதான் சிக்கல்.

கூரையில் மாட்டிய வைஃபை பெட்டிகளைக் குழு குழுவாகப் பிரித்து வைத்திருந்தார் மேடம். குழுவுக்கு என்ன அமைப்போ, அதிலுள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் அதேதான். ஒரே ஒரு பெட்டியைக் கிடங்குக் குழுவுக்கு மாற்றப் போன இவர், கை வழுக்கி நாலாவது மாடி மொத்தத்தையும் அதில் தள்ளிவிட்டிருந்தார். கிடங்குக் குழுவோ, சரக்கு எண்ணும் கருவிகளைத் தவிர யாருடைய போனையும் அண்ட விடாது.

"ஒவ்வொண்ணா பழையபடி மாத்திடறேன் மேடம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

மறுமுனையில் பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நீளமாக ஒரு மூச்சு.

கோபத்தில் பேச்சே வரவில்லை போலிருக்கிறது. புது வேலையைப் பற்றி மனைவி தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள். இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"சாயங்காலம் வரைக்கும் தாங்காதுண்ணே." குரல் திரும்பி வந்தது. "எல்லாத்தையும் மொத்தமா செலக்ட் பண்ணி, நாலாம் மாடி குழுவுக்குத் தூக்கிப் போடுங்க. செட்டிங்ஸ் எல்லாம் அங்கயே இருக்கு. பெட்டிங்க தானா எடுத்துக்கும்."

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தார். வியர்வையில் மவுஸ் நழுவியது. போனில் மறுபடியும் மூச்சு வாங்கும் சத்தம். அறை அறையாக ஏறி இறங்கிப் பார்க்கிறார் போலும். பாவம்.

கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

திரையில் பெட்டிகள் அத்தனையும் ஒருசேரச் சாம்பல் நிறமாயின. மொத்தமாகவே அணைந்துவிட்டனவோ?

"மன்னிச்சிடுங்க மேடம். கோபப்படாதீங்க."

"கோபமா? எனக்கா?" என்று சிரித்தவர், சிரித்த வாயாலேயே "அம்மா!" என்று அலறினார்.

ரிசீவர் எதிலோ இடித்துத் தொங்கும் ஓசை கேட்டது.

ஒரு பெட்டி பச்சையானது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு சடசடவென்று வரிசை முழுக்கப் பச்சை. போன்கள் ஒவ்வொன்றாக உள்ளே வரத் தொடங்கின.

"வந்துருச்சு மேடம்! வந்துருச்சு!"

அவர் சொன்னதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அங்கே ஒரே அமளி. நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எல்லோரும் அடங்கினார்கள்.

அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு, மெல்லியதாக, புத்தம் புதிதாக, ஓர் அழுகை.

அதன் பின்னாலேயே எங்கோ தொலைவிலிருந்து, காற்றின் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல். "பாத்துட்டேன்! பாத்துட்டேன்டி!" சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

யாரோ ரிசீவரை எடுத்தார்கள்.

"லைன்ல யாருங்க? இது பிரசவ அறை. பொண்ணு பிறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அப்பா கப்பல்ல இருந்து வீடியோல பாத்துட்டிருக்காரு. போனை வச்சிடுங்க."

அவர் எழுந்து நின்றார். நல்ல சேதியைச் சொல்ல அந்த அறையில் ஓர் ஆள்கூட இல்லை. "பொண்ணாம்!" என்று இரும்பு அலமாரிகளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை துடித்தது. நாலாவது மாடியின் வேகத்தில் பாதியை ஒரே ஒரு போன் விழுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டுப்படுத்தும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது.

அவர் மவுஸை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.