வெளியே வருகிற வண்டி

“உள்ள போறதப் பத்தி நான் கேக்கவே இல்ல தம்பி. வெளிய வருமா? அத மட்டும் சொல்லுங்க.”

சுந்தரபாண்டி இதை மூன்றாவது தடவையாகக் கேட்டார். விருதுநகர் ஷோரூமில் ஆறு வருடமாக வண்டி விற்கும் ஜாபசுக்கு இப்படி ஒரு ஆள் வாய்த்ததில்லை. வருகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், தள்ளுபடி கேட்பார்கள், இரண்டாவது டீகூடக் கேட்பார்கள். இவர் காரியாபட்டியிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்து உட்கார்ந்து, வருமா வருமா என்கிறார்.

“போற வண்டி வராதா அண்ணாச்சி?”

“கரிசல்ல வராது. நீங்க எந்த ஊரு?”

“திருத்தங்கல்.”

“அதான் பாத்தேன். தார் ரோட்டுப் பிள்ளை.” சுந்தரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். “கரிசக்காட்டுல ஒரு மழ பெஞ்சா முடிஞ்சது சோலி. மண்ணு டயரப் பிடிச்சா மூணு நாளைக்கு விடாது. நாலு வருசத்துக்கு முந்தி எங்க மூத்த பிள்ளை அந்தச் சகதியில ஏழு கிலோமீட்டர் நடந்து வந்தா. ஆட்டோக்காரன் வரமாட்டேனுட்டான். கூப்பிடப் போன டிராக்டரும் சிக்கிக்கிருச்சு. கட்டுன சேலையோட வந்து நின்னா. அன்னைக்கு என் வயிறு எரிஞ்ச எரிச்சல் எனக்குத்தான் தெரியும். இனிமே எங்க வீட்டுப் பிள்ளை ஒருத்தியும் நடக்கக்கூடாது.”

“ஆஸ்பத்திரி அவசரமா அண்ணாச்சி?”

“அவசரம்னு வச்சிக்கிடுங்க.”

ஜாபஸ் உச்சுக்கொட்டினான். வியாபாரத்துக்காக இல்லை, நிஜமாகவே பாவமாகத்தான் இருந்தது. அப்புறம் வியாபாரத்துக்கு வந்தான்.

“இந்தச் சிவப்பு பிக்கப்பைப் பாருங்க. பெரிய டிவி மாதிரி திரை, எட்டு ஸ்பீக்கரு...”

“சிக்கிக்கிட்டு நிக்கையில பாட்டு கேக்கவா?”

ஜாபஸ் சிவப்பை விட்டுவிட்டு வெள்ளைக்கு நகர்ந்தான். “அப்ப இதுதான் அண்ணாச்சி. பாக்க ஒண்ணும் தெரியாது. ஆனா நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பின்னால டிரெய்லரு மாட்டிக்கிடலாம். லோடு என்ன ஏத்துவீக?”

அதுவரை வாய் திறக்காமல் இருந்த மகள் அழகுமீனா போனைப் பார்த்து வாசித்தாள். “பீரோ ஒண்ணு, கட்டில் மெத்தை, பிரிட்ஜ், வாஷிங்மெஷின், கிரைண்டர், பித்தளைப் பாத்திரம் அம்பத்தொண்ணு. டிரெய்லர்ல பசுவும் கன்னும்.”

“வீடு மாத்துறீகளாக்கும்?”

“மாத்த வேண்டியது வந்தா,” என்றார் சுந்தரபாண்டி. “ஒரே நடையில அம்புட்டும் வந்துறணும் தம்பி. ரெண்டாவது நடைன்னு போய் நின்னா மரியாதை இல்ல.”

வாயால் சொன்னால் நம்புகிற ஆள் இல்லை என்று ஜாபசுக்குப் புரிந்துவிட்டது. டிரெய்லரில் பதினைந்து மணல் மூட்டையை ஏற்றி, வெள்ளை வண்டியில் மாட்டி, ஷோரூமுக்குப் பின்னால் இருந்த கண்மாய்க்குக் கொண்டுபோனான். முந்தின நாள் மழையில் கண்மாய் கருப்பட்டிப் பாகு பதத்தில் இருந்தது.

சாவியைச் சுந்தரபாண்டியிடம் நீட்டினான்.

“எனக்கு ஓட்டத் தெரியாது. பிள்ளைகிட்ட குடுங்க.”

“அண்ணாச்சி, இது ஸ்கூட்டி இல்ல...”

அழகுமீனா சாவியை வாங்கிக்கொண்டாள். சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். ஜாபஸ் பக்கத்து இருக்கைக்கு ஓடினான்.

“நீங்க எறங்கிக்கிடுங்க. ஒத்தையில ஓட்டிப் பாக்கணும்,” என்றாள்.

இறங்கினான். வண்டி நடுக் கண்மாய் வரைக்கும் அமைதியாகப் போய், நின்று, ஒரு சாண் புதைந்தது. ஜாபஸ் தன் வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டான். சுந்தரபாண்டி தன் இருக்கன்குடி மாரியாத்தாளைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் வாய்க்குள்தான் கூப்பிட்டார்கள்.

அழகுமீனா கியரை மாற்றினாள். நாலு சக்கரமும் சகதியை வாரி இறைத்தன. வண்டி முக்கி முனகி, டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு கரையேறி வந்து ஜாபசின் வெள்ளைச் சட்டையில் கோலம் போட்டுவிட்டு நின்றது.

“வருதுப்பா,” என்றாள்.

சுந்தரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. “இதையே போடுங்க தம்பி.”

ஜாபஸ் சட்டையைத் துடைத்துக்கொண்டே படிவத்தை எடுத்தான்.

“யார் பேருக்கு?”

“அழகுமீனா பேருக்கு.”

“விலாசம்?”

“எங்க வீட்டு விலாசந்தான். அவளுக்கு என்னைக்கும் அதான்.”

“வண்டி எப்ப வேணும்?”

“ஐப்பசி பதினெட்டுக்குள்ள வேணும். இருபதுல இவளுக்குக் கல்யாணம்.” ஓரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினார். “குடும்பத்தோட வந்துறணும்.”

ஜாபஸ் பிரித்துப் பார்த்தான். மாப்பிள்ளைக்குச் சாத்தூர் தாண்டி, கரிசலுக்கு நட்ட நடுவே ஒரு கிராமம். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“அட, சீர் கொண்டுபோகத்தான் வண்டியா! இத மொதல்லயே சொல்லியிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிச்சிருப்பேனே அண்ணாச்சி!”

“கொண்டுபோக லாரி பேசியாச்சு தம்பி,” என்றார் சுந்தரபாண்டி. “இது, அங்கன சரிப்பட்டு வரலைன்னா எம்மக அம்புட்டையும் ஏத்திக்கிட்டுத் திரும்பி வாரதுக்கு.”