பார்க்கிங் வசதியுடன்

இன்னொரு மாடிப்படியும் ஏறி இறங்கியதில் ரிட்டயரான கம்பவுண்டருக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது.

"இந்த வீட்டுக்கு என்ன சார் குறைச்சல்? காத்து வருது, தண்ணி வருது" என்றார் புரோக்கர்.

"கார் பார்க்கிங் இல்லையே."

"பார்க்கிங், பார்க்கிங்னு என் உயிரை வாங்குறீங்களே, அப்படி என்ன கார் சார் வெச்சிருக்கீங்க?"

கம்பவுண்டர் மனைவியைப் பார்த்தார். அவள் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

அலைந்து அலைந்து, கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பில் பார்க்கிங்கோடு கிடைத்தது. குடிவந்த அன்று இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சாவியோடு நின்ற புரோக்கருக்கு ஒன்றும் புரியவில்லை.

"கார் எங்க சார்?"

"எங்களுக்கு ஏது கார்? பொண்ணும் மாப்பிள்ளையும் எப்ப வந்தாலும், வண்டி ரோட்டுல நிக்குதுன்னு உட்காராமலே ஓடிடறாங்க. ஒரு ராத்திரியாவது தங்கட்டுமேன்னுதான்."

அந்தச் சனிக்கிழமையே வந்தார்கள். மாப்பிள்ளை மதிலோரமாகக் காரை நிறுத்தினார்.

"அருமையான இடம் மாமா. இனிமே கவலையே இல்ல."

மகள் பெட்டியை இறக்கினாள். பெரிய பெட்டியாகவே இருந்தது. முழங்கால் வலியை மறந்து கம்பவுண்டர் அதைத் தூக்கப் போனார்.

"அதை கேட் கிட்டயே வைங்கப்பா, டாக்ஸி வந்துடும். ஏர்போர்ட்ல வண்டி விட இடமே கிடைக்காது. டூர் முடிஞ்சு வந்து காரை எடுத்துக்கிறோம்."

டாக்ஸி கிளம்பிப் போய், இருட்டத் தொடங்கியதும் மனைவி உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் அவர்களுக்காக விரித்திருந்த புதுப் போர்வையை உருவிக்கொண்டு படியிறங்கினாள்.

"அதை எங்க எடுத்துட்டுப் போறே?"

"பனி பெய்யுது. தங்கினதுக்காவது போர்த்திட்டு வரேன்."