பெருச்சாளியின் பந்து

கடைசி ஓவரில் பெருச்சாளி வரிசையாக சிக்ஸர் கொடுத்து, கைக்கு வந்த மேட்சைக் கோட்டைவிட்டது. வேலியோரம் நின்று பார்த்த ஆட்டுக்கு வயிறு பற்றி எரிந்தது.

“கீரி எவ்வளவு நல்லாப் போட்டுக்கிட்டிருந்தான்! அவனை நிறுத்திட்டு இவனைக் கூப்பிட்ட ஆமையெல்லாம் ஒரு கேப்டனாடா?”

“பந்து பெருச்சாளியோடதுடா,” என்றது வேலிமேல் இருந்த காகம். “கடைசி ஓவர் தரலேன்னா பந்தைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான்.”

“அதுக்காக? பந்து வச்சிருக்கிறவனெல்லாம் பவுலரா? த்தூ!” ஆடு வேலியை ஒரு முட்டு முட்டியது. “அடுத்த வாரம் நானே புதுப் பந்து கொண்டாறேன். எவன் தயவும் நமக்கு வேண்டாம்.”

காகம் நிம்மதியாகச் சிறகை உதறியது. “அப்போ கடைசி ஓவர் கீரிக்குத்தானே?”

ஆட்டுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“என்னடா பேசுற? பந்து என்னுது!”